டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள், ஜூனில் பள்ளி திறக்கிறது. என்ன செய்வது?

செக்கிங்மேசை:

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருடமாகத் திருப்பூரில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். பிசிறு வெட்டி, ஓட்டையும் கறையும் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிப் போடுகிற வேலை. வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறார். போன தீபாவளிக்கு அப்புறம் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஊரில் மாமியாருக்கும் முடியவில்லை. இந்த மே கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டோம். அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவள் இங்கே ஒரு தனியார் பள்ளியில், இங்கிலீஷ் மீடியம், அஞ்சாவது முடித்திருக்கிறாள். சின்னவனுக்கு ஐந்தரை வயது, ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும். ஊரில் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளி அஞ்சாவது வரைதான். அவன் அங்கே போவான். பெரியவள் ஐந்து கிலோமீட்டர் தள்ளி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பெரியவள் பள்ளியில் எங்களுக்கு ₹9,500 ஃபீஸ் பாக்கி. டி.சி. கேட்கப் போனேன். ஆபீஸில் இருந்த அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. "முழுசாக் கட்டிட்டு வாங்க, அன்னைக்கே தர்றோம்" என்றார். கட்டவே மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. காலி செய்கிற மாதத்தில் ஒரே தடவையாக எங்கே போவது? வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்தால் பாதியாவது கட்டுவோம், அது எப்போது வரும் என்று ஓனருக்கே தெரியவில்லை. டி.சி. இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீண் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து தூக்கமில்லை.

அடுத்து, என்னென்ன வாங்குவது? கையில் ₹6,000 இருக்கிறது. இத்தனை வருடமும் மே மாதம் ஆனால் பள்ளியில் ஒரு லிஸ்ட் அச்சடித்துக் கொடுப்பார்கள். நோட்டு இத்தனை, பிரவுன் ஷீட் இத்தனை, கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ, எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும். வயிறு எரியும், ஆனாலும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. இப்போது லிஸ்ட் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. அரசுப் பள்ளியில் எல்லாமே கொடுப்பார்கள் என்று மாமியார் சொல்கிறார். கொடுப்பார்கள், ஆனால் எல்லாம் கைக்கு வர தீபாவளி ஆகும் என்று இங்கே லைனில் ஒருத்தி சொல்கிறாள். யார் பேச்சை நம்புவது?

பெரியவள் ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்த அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ஸ்கூல்ல என்னைய எல்லாரும் பாப்பாங்களாம்மா?" பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆறாப்பு டீச்சர்:

சகோதரி, முதலில் தூங்குங்கள். ஒரு வருடமும் வீண் போகாது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் உங்களை மாதிரி பத்துப் பேராவது தலைமையாசிரியர் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 5-ஆவது பிரிவு, இதைத் தெளிவாகவே சொல்கிறது: எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. பழைய பள்ளியும் கேட்டவுடன் டி.சி. தர வேண்டும். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், கட்டணம் வசூலிக்கிற கருவியாக டி.சி.யை வைத்துக்கொள்ளக் கூடாது, கட்டணப் பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கி பாக்கிதான், அதைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் உள்ள கணக்கு. பிள்ளையை அதில் பணயம் வைக்கக் கூடாது.

ஊருக்குக் கிளம்புமுன் திருப்பூரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. வெள்ளைத் தாளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, எமிஸ் எண் (கல்வித் துறையின் ஆன்லைன் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) எழுதி, "வெளியூர் செல்வதால் மாற்றுச் சான்றிதழ் வேண்டும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். வாயால் கேட்டதற்கு ஆதாரம் கிடையாது, எழுதிக் கேட்டதற்கு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம் இருக்கிறது. 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம்.

எமிஸ் எண் என்றேன் இல்லையா, உண்மையான முடிச்சு அங்கேதான். பிள்ளையின் பெயர் ஆன்லைனில் பழைய பள்ளியின் கணக்கில் இருக்கும். அவர்கள் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்பில் விட்டால்தான் எங்கள் பள்ளி தன் கணக்குக்கு இழுக்க முடியும். விடாமல் இழுத்தடிப்பார்கள். ஆனால் அது எங்கள் தலைமையாசிரியரும் கல்வி அலுவலகமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பிள்ளை அதற்குள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருக்கும். பழைய ரேங்க் கார்டையும் ஃபீஸ் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த எண் அவற்றில் இருக்கலாம்.

சின்னவனுக்குப் பிறப்புச் சான்றிதழை எடுத்து இன்றைக்கே ஒரு தடவை படியுங்கள். பிள்ளை பெயர் என்ற இடம் காலியாக இருக்கும் சான்றிதழ்கள் ஏராளம். ஆஸ்பத்திரியில் பெயர் வைக்குமுன் பதிந்தது அப்படியே நின்றிருக்கும். முதல் ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அப்புறம் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் போக வேண்டும். அருப்புக்கோட்டை போய்விட்டு இதற்காகத் திருப்பூருக்குத் திரும்பவும் பஸ் ஏறாதீர்கள். ஆதாரையும் ஒரு தடவை பாருங்கள். கைக்குழந்தையில் எடுத்த நீல ஆதார் என்றால், ஐந்து வயது முடிந்ததும் கைரேகையும் கண்ணும் புதிதாகப் பதிய வேண்டும். பெயரின் எழுத்து, இனிஷியல் இரண்டும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஒன்றில் 'எஸ்', ஒன்றில் 'ச' என்று இருந்தால் பத்தாம் வகுப்பில் அழ வைக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

வாங்குகிற விஷயம். உங்கள் மாமியார் சொன்னதும் சரி, லைன்காரி சொன்னதும் பாதி சரி. பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, சீருடை நான்கு செட், ஆறாம் வகுப்பு என்றால் ஜியாமெட்ரி பெட்டி, அட்லஸ் எல்லாம் உண்டு. புத்தகமும் நோட்டும் பள்ளி திறந்த கையோடு வந்துவிடும். ஏழாம் வகுப்பு வரை முப்பருவ முறை, ஆகவே முதல் பருவப் புத்தகம் மட்டும் வரும், மூட்டையும் சின்னது. சீருடை ஒரு செட் முதலில், மீதி பின்னால். பையும் காலணியும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பழைய பையும் பழைய செருப்பும் தாங்குமென்றால் அப்படியே விடுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாது: சீருடை சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத்தான். "எங்க பிள்ளை வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடும்" என்று கௌரவத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆறாம் வகுப்பில் வருகிறாள் என்பது நல்ல நேரம். கல்லூரி போகும்போது மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண் திட்டமும் சரி, மருத்துவத்துக்கு 2020-இலும் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு அடுத்த வருடமும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் சரி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் கேட்கின்றன. ஏழாம் வகுப்பில் வந்து சேர்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

பட்டாசுப்பேட்டை:

டீச்சர் எல்லாம் சொன்னார், மீடியம் பற்றிச் சொல்லவில்லை. தமிழ் மீடியத்தில் போடுங்கள். என் பையனை அஞ்சாவது வரை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். ஒப்பிப்பான், அர்த்தம் கேட்டால் மேலே பார்ப்பான். ஆறாவதில் மாற்றினேன். முதல் இரண்டு மாதம் 'பின்னம்', 'தசமம்' என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் திணறினான். அப்புறம் வீட்டில் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தான். எனக்கும் பதில் சொல்ல முடிந்தது. அதுதான் முக்கியம் என்பேன்.

ஆறாப்பு டீச்சர்:

உங்கள் பையனுக்கு நன்றாக அமைந்தது, சந்தோஷம். ஆனால் ஊர் மாறி, பள்ளி மாறி, தோழிகள் எல்லாரையும் விட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு மீடியத்தையும் சேர்த்து ஒரே நாளில் மாற்றுவதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு இருந்தால் இந்த வருடம் அதிலேயே இருக்கட்டும். புத்தகம் இரண்டுக்கும் இலவசம்தான். தமிழில் சரளமாக வாசிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். பஸ் போர்டு, பேப்பர் தலைப்பு, மளிகைச் சீட்டு, எது கிடைத்தாலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

பட்டாசுப்பேட்டை:

டீச்சரோடு சண்டை போட நான் தயாரில்லை. அந்தப் பிள்ளையையே ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

காஜாபட்டன்:

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூன் முதல் இரண்டு வாரம் எனக்குத் தீபாவளிக்குச் சமம். தங்கச்சி பனியன் கம்பெனி என்றதும் எழுதத் தோன்றியது.

அரசு சீருடையைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். தையல் மோசமில்லை. அளவுதான் பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். வாங்கினவுடன் "லூசா இருக்குண்ணே, வெட்டிப் பிடிங்க" என்று தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வெட்டாதீர்கள். முதலில் ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள், துணி கொஞ்சம் இறுக்கும். அப்புறம் போட்டுப் பார்த்து, நீளத்தை உள்ளே மடித்துக் கையாலேயே பெரிய பெரிய தையலாக ஹெம்மிங் போடுங்கள். பொங்கலுக்குள் பிள்ளை இரண்டு விரல் வளர்ந்துவிடும், பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பக்கத் தையலும் அப்படித்தான். பிடித்துத் தைக்கலாம், மிச்சத் துணி உள்ளேயே கிடக்கட்டும். பழைய மடிப்புக் கோடு தெரியுமே என்பார்கள். தெரியட்டுமே, எந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

பட்டன் எல்லாவற்றையும் முதல் நாளைக்கு முன்பே ஒரு சுற்று அழுத்தித் தைத்துவிடுங்கள். காஜாவில் பிசிறு நின்றால் வெட்டிவிடுங்கள், பட்டன் சுலபமாக நுழையும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதுதானே உங்கள் தொழில்.

சின்னவன் கால்சட்டைதான் முக்கியம். கொக்கி வைத்திருந்தால் எடுத்துவிட்டு, இடுப்பில் முழுக்க எலாஸ்டிக் போடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விரலில் அவ்வளவு பலம் இராது. அவசரத்தில் கொக்கியைக் கழற்றத் தெரியாமல் நின்ற இடத்திலேயே போய்விடும், அப்புறம் அந்தப் பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழும். வருடம் நாலு கால்சட்டையாவது இந்தக் காரணத்துக்காகவே என் கடைக்கு வருகிறது. அம்மாக்கள் வேறு ஏதோ காரணம் சொல்லித்தான் கொடுப்பார்கள், நானும் கேட்டுக்கொள்வதில்லை. எலாஸ்டிக் ரொம்ப இறுக்கமாகவும் வேண்டாம், சாப்பிட்ட வயிற்றில் கோடு விழும்.

பெரிய பிள்ளைக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துத் தையுங்கள். பஸ்ஸில் போகிற பெண் பிள்ளை, பத்து ரூபாயும் உங்கள் போன் நம்பர் எழுதின சீட்டும் அதில் இருக்கட்டும்.

செக்கிங்மேசை:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மறுநாளே சின்னவன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். பெயர் இருக்கிறது. ஆனால் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. அஞ்சு வருடமாகப் பீரோவில் வைத்திருக்கிறேன், ஒரு நாள்கூட முழுசாகப் படித்ததில்லை. நாளெல்லாம் துணியில் தப்புக் கண்டுபிடிக்கிறவள் நான்! நாளைக்கு அரை நாள் லீவு போட்டு மாநகராட்சி ஆபீஸ் போகிறேன்.

எலாஸ்டிக் விஷயம் மனதில் தைத்தது. இவன் இன்னும் வீட்டில் என்னைக் கூப்பிட்டுத்தான் போகிறான். இப்போது எனக்குப் பெரியவளைவிட இவனை நினைத்துத்தான் பயம். முதல் நாள் எப்படி விடுவது? பள்ளிக்கூடச் சாப்பாடு சாப்பிடுவானா?

பெரிய அகப்பை:

பாட்டி சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். அவர் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். 1982-இல், எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த அந்த வருடமே வேலைக்குச் சேர்ந்தார். நாற்பது வருடம் அதே அடுப்படி. இனி அவர் பேச்சு:

தாயி, உன் பையன் சாப்பிடுவான். நீ நிற்காமல் இருந்தால் சாப்பிடுவான். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்தப் பிள்ளைக்கும் சோறு இறங்காது. கொண்டுவந்து விட்டாயா, டீச்சரிடம் கையைக் கொடுத்தாயா, "மணி அடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போ. சொன்னபடி மணி அடிக்கும்போது வாசலில் நில். அஞ்சு நிமிஷம் லேட்டாக வந்தாலும் அவன் கணக்கில் நீ பொய் சொன்னவள்.

நான் சேர்ந்த காலத்தில் மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். அதற்கு முன்னால் காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த சோற்றை எங்கள் அண்ணன்மார் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர் நம்ம விருதுநகர்க்காரர் இல்லையா. இப்போது அஞ்சாவது வரை காலையிலும் போடுகிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. ஆகவே சின்னவனை வீட்டில் திணித்து அனுப்பாதே, வயிறு ரொம்பிப் போனால் அங்கே தட்டைத் தொட மாட்டான். மற்ற பிள்ளைகள் சாப்பிடும்போது சும்மா உட்கார்ந்திருப்பவன் அன்றைக்கு முழுக்கத் தனியாள்தான். ஆனால் பெரியவள் ஆறாவது, அவளுக்குக் காலையில் அங்கே கிடையாது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடுவாள். அந்த வயசுப் பிள்ளைகள் பிரேயரில் மயங்கி விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகுதான் செருப்பை மாட்டவிடு. மத்தியானம் இரண்டு பேருக்கும் சோறு உண்டு, முட்டை உண்டு. டிபன் டப்பாவே வேண்டாம்.

இன்னும் நாள் இருக்கிறது, இப்போதிருந்தே பழக்கு. ஊட்டிவிடாதே. தரையில் உட்கார்ந்து, தட்டில் தானே பிசைந்து, தானே எடுத்துச் சாப்பிடட்டும். அரிசியில் பாதி கீழே சிந்தட்டும், பரவாயில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும். முட்டை ஓட்டை உரிக்கச் சொல்லிக் கொடு. நாங்கள் உரித்துத்தான் போடுவோம், ஆனால் தானே உரித்துப் பழகின பிள்ளை முட்டைக்குப் பயப்படாது.

தண்ணி பாட்டில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு வருஷம் ஜூன் மாசம், வெயில் இன்னும் குறையவில்லை. ஒன்றாப்புப் பையன் ஒருத்தன் சாப்பாட்டு நேரத்தில் கண் சொருகி உட்கார்ந்திருக்கிறான். உதடு வெடித்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே பாட்டில், நிறையத் தண்ணி. விலை கூடினது, மேலே படமெல்லாம் போட்டது. "ஏன்டா குடிக்கலை?" என்றால் வாய் திறக்கவில்லை. நான் திறந்து பார்க்கிறேன், எனக்கே இரண்டு முறுக்கு முறுக்க வேண்டியிருந்தது. அவன் அப்பா காலையில் ஒழுகக் கூடாதென்று இறுக்கி மூடி அனுப்பியிருக்கிறார். புது டீச்சரிடம் திறந்து கொடுங்கள் என்று கேட்கக் கூச்சம். காலையிலிருந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தாகத்தோடு இருந்திருக்கிறான். அதிலிருந்து ஜூன் மாசமானால் எனக்கு முதல் வேலை, ஒன்றாப்புப் பிள்ளைகள் பாட்டிலை எல்லாம் ஒரு தடவை திறந்து லேசாக மூடி வைப்பது. கடையில் வாங்கும்போது அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல். அவனுக்குத் திறந்தால் வாங்கு, திறக்காவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வா.

பையில் இன்னொரு கால்சட்டை மடித்து வை. அது இருப்பது அவனுக்கும் தெரியட்டும். "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்கிற அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். நீ டீச்சராக உட்கார், அவன் எழுந்து கேட்கட்டும். சிரிப்பான். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வான்.

பெரியவளை எல்லாரும் பார்ப்பார்களா என்று கேட்டாள் இல்லையா? பார்ப்பார்கள். புதுப் பிள்ளையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பார்கள். பொய் சொல்லாதே. ஒரு வாரம் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்த புதுப் பிள்ளை வந்துவிடும் என்று சொல். திறப்பதற்கு முன்னாலேயே ஒரு நாள் அதே பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டு. குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எல்லாம் அவளே பார்த்து வைத்துக்கொள்ளட்டும். வழி தெரிந்தவளுக்குப் பயம் பாதிதான்.

(பாட்டிக்குக் காபி நேரம். கேள்வி இருந்தால் போடுங்கள், கேட்டு எழுதுகிறேன்.)

செக்கிங்மேசை:

ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன், என்னை மாதிரி யாராவது தேடி வரலாம்.

திருப்பூர் பள்ளியில் கடிதம் கொடுத்தேன். நகலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்கள். தபால் ஆபீஸ் போய் அனுப்பினேன். ஒப்புகை அட்டை நாலாவது நாள் முத்திரையோடு வந்தது. அதற்குப் பிறகு அவர்களே போன் செய்து ₹2,000 கட்டுங்கள், டி.சி.யைப் பார்க்கலாம் என்றார்கள். மூன்று வாரத்துக்கு முன் "முழுசா" என்றவர்கள்தான். இப்போதைக்கு ₹2,000 அனுப்பியிருக்கிறேன், மீதியை மாதாமாதம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். டி.சி. இன்னும் வரவில்லை.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேங்க் கார்டு, ஒப்புகை அட்டை நான்கையும் பார்த்தார். பேசாமல் சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினார். "எமிஸ் நான் பாத்துக்கறேன், பிள்ளைய திங்கக்கிழமை அனுப்பும்மா" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடந்தேன். ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. பட்டாசுப்பேட்டை அண்ணன் சொன்னபடி அவளையே கேட்டேன். "இந்த வருஷம் இதுலயே இருக்கேன், பிடிக்கலேன்னா மாறிக்கறேன்" என்றாள்.

செலவுக் கணக்கு: பாட்டில் இரண்டு, எலாஸ்டிக் ஒரு மீட்டர், உள்ளாடை, ரிப்பன், பேனா, பென்சில். ₹900-ஐத் தாண்டவில்லை. பாட்டில் கடையில் சின்னவன் ஆறு பாட்டிலைத் திறந்து பார்த்தான். ஏழாவது திறந்தது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், நான் கண்டுகொள்ளவில்லை. பாட்டி சொன்ன டீச்சர் விளையாட்டு இப்போது வீட்டில் ஓயாமல் நடக்கிறது. மாமியார் டீச்சர், நான்கூட எழுந்து நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நேற்று பெரியவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை. பள்ளி பூட்டியிருந்தது. வாட்ச்மேன் திறந்துவிட்டார். குழாயைத் திறந்து பார்த்தாள், கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில் தாழ்ப்பாள் விழவில்லை. "ரெண்டாவதுல போய்க்கறேன்" என்றாள். திரும்பி வரும்போது அவளே கண்டக்டரிடம் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி பாக்கி. 7.50 பஸ் என்று அவர் சொன்னார். பக்கத்து வீட்டில் 8.10 என்கிறார்கள். அருப்புக்கோட்டை டெப்போவில் விசாரிக்க யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? இட்லியை எத்தனை மணிக்கு அடுப்பில் வைப்பது என்று தெரிய வேண்டும்.